கொரிய மொழியில் 'நீங்கள்' என்று எப்படிச் சொல்வது?

சுவோன்வாசி:
தென்கொரியாவின் சுவோன் நகரத்துக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அகராதியில் 'நீங்கள்' என்பதற்கு 'தாங்ஷின்' என்று போட்டிருந்தது. அதை நம்பி, நேற்று எங்கள் பிரிவுத் தலைவரிடம் "தாங்ஷின் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். மனிதருக்கு முகம் இறுகிவிட்டது. வெளிநாட்டுக்காரன் சொன்னால்கூடத் தப்பா?

பூசான்மாணவி:
தப்புதான். அது கணவன் மனைவிக்குள் புழங்கும் சொல். விளம்பரத்திலும் பாட்டிலும் வரும். மற்றபடி காதில் விழுவது சண்டையில்தான், "யாருய்யா நீ?" என்கிற தொனியில். பெரியவர்களை நேரில் பார்த்துச் சொல்ல நம் 'நீங்கள்' போல ஒரு சொல் அங்கே இல்லை. பதவிப்பெயரோடு 'நிம்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து அந்த இடத்தில் வையுங்கள். உங்கள் தலைவர் 'குவாஜாங்' என்றால் "குவாஜாங்நிம், சாப்பிட்டீர்களா?" அவ்வளவுதான்.

மொழிப்பிரியன்:
புதிதாக வந்தவரைப் பயமுறுத்தாதீர்கள். கொரிய வாக்கியம் எழுவாய் இல்லாமலே ஓடும். வினையில் மரியாதை விகுதி சரியாக வந்தால் போதும். கூப்பிட வேண்டுமென்றால் பெயரோடு 'ஷி' என்ற ஒட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பாடப்புத்தகங்களே அப்படித்தான் தொடங்குகின்றன.

பூசான்மாணவி:
வினை முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஷி' நம்மைவிட மேலே இருப்பவருக்குப் பொருந்தாது. உடன் வேலை செய்பவரை 'மின்ஜி ஷி' என்னலாம், மேலதிகாரியை அப்படிச் சொல்லக் கூடாது. குடும்பப் பெயரை மட்டும் வைத்து 'கிம் ஷி' என்றால் ஆளை இறக்கிப் பேசுவதாகிவிடும். அதோடு கிம், ஈ, பாக் மூன்று பெயரிலேயே நாட்டில் 10 பேரில் 4 பேருக்கு மேல் அடங்கிவிடுவார்கள். யாரைக் கூப்பிட்டீர்கள் என்றே தெரியாது.

மொழிப்பிரியன்:
காலம் மாறுகிறது தோழி. சிஜே குழுமம் 2000-லேயே பதவிப்பெயரை விட்டுவிட்டு, எல்லாரையும் பெயரோடு 'நிம்' சேர்த்து அழைக்கச் சொன்னது. ககாவோ என்ற இணைய நிறுவனத்தில் ஆங்கிலப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது. கொரியர்களே இறக்கிவைக்கப் பார்க்கும் சுமையை இவர் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

தேஜோன்ஆய்வாளர்:
அது நிறுவனமே விதி போட்ட இடம். அங்கேயும் சிஜே 'நிம்'மை விடவில்லையே. அந்த உரிமையை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. என் கதையைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரை ஒரு வருடம் பெயரோடு 'ஷி' போட்டுத்தான் கூப்பிட்டேன். மூத்தவர் என்று பொருள்படும் 'சொன்பே' என்றிருக்க வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு ஒரு இளைய மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் என்று பொறுத்துப்போவார்கள், ஆனால் திருத்த மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது.

சுவோன்வாசி:
இன்று காலை "குவாஜாங்நிம்" என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார். அப்புறம் ஒன்று: மதியம் சாப்பிடும் கடையில் பரிமாறும் அம்மாவை எப்படி அழைப்பது?

தேஜோன்ஆய்வாளர்:
'இமோ' என்று கூப்பிடுங்கள். அம்மாவின் சகோதரி என்று பொருள். தினம் போகிற கடையென்றால் அதில் ஒரு நெருக்கம் இருக்கும்.

மொழிப்பிரியன்:
உறவுமுறை சொல்வதை எல்லாரும் விரும்புவதில்லை. "ஜொகியோ", அதாவது 'இங்கே பாருங்கள்' என்கிற மாதிரி குரல் கொடுத்தால் போதும், யாருக்கும் உறுத்தாது. நடுவயதுப் பெண்ணைக் குறிக்கும் 'அஜும்மா' மட்டும் வேண்டவே வேண்டாம்.

பூசான்மாணவி:
அவர்தான் கடையை நடத்துகிறார் என்றால் நான் 'சாஜாங்நிம்' என்பேன். முதலாளி அவர்தானே.