டிஷ் டிவி பெட்டியை டி2எச் ஆண்டெனாவில் போடலாமா? (ஏற்காடு)

ஏற்காடு காட்டேஜ்:
சேலம் வீட்டில் டிஷ் டிவி பெட்டி ரெண்டு சும்மா கிடக்குது. ஏற்காடு காட்டேஜ் மாடியில் 60 செ.மீ. வீடியோகான் டி2எச் ஆண்டெனா, எல்என்பியோட (ஆண்டெனா முன்னால கம்பியில் நின்னு அலையைப் பிடிக்கிற கருவி) நல்லாவே இருக்கு, பெட்டி இல்லை. ரெண்டும் இப்ப ஒரே கம்பெனிதானே? ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்தா ஸ்ட்ரெங்த் 80க்கு மேல, குவாலிட்டி 0. கோளாறு பெட்டியிலா, எல்என்பியிலா?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
ரெண்டுலயும் இல்லீங்க. 2018 மார்ச்சில் சேர்ந்தது கம்பெனிதான், சாட்டிலைட் இல்லை. டிஷ் டிவி வர்றது 95 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேல நிக்கிற சாட்டிலைட்டிலிருந்து, எஸ்இஎஸ்-8. டி2எச் வர்றது 88 டிகிரி, எஸ்டி-2. உங்க ஆண்டெனா இன்னும் 88ஐத்தான் பார்த்துட்டு நிக்குது. ஸ்ட்ரெங்த்தை நம்பாதீங்க, எல்என்பிக்கு கரண்ட் போகுது, ஏதோ அலை வருதுன்னு மட்டும்தான் அது காட்டும். பெட்டி தேடுற அலைவரிசை கிடைச்சாதான் குவாலிட்டி ஏறும்.

ஆண்டெனாவும் எல்என்பியும் அப்படியே உதவும், திருப்பி வைக்கணும், அவ்வளவுதான். சேலம், ஏற்காடு கணக்குக்கு 88க்கு திசைகோணம் வடக்கிலிருந்து சுமார் 139, உயரக்கோணம் 72. 95க்கு 124, 66. அதாவது கிழக்குப் பக்கமா 15 டிகிரி திருப்பி, 6 டிகிரி இறக்கணும். இது ஆஃப்செட் ஆண்டெனா, அதாவது எல்என்பி நடுவில் இல்லாம கீழ்ப்பக்கமா நிக்கிற வகை. முகம் கண்ணுக்கு 66 டிகிரி நிமிர்ந்து தெரியாது, பிராக்கெட்டில் அச்சடிச்ச எண்ணைப் பாருங்க. போன் காம்பஸை இரும்புக் கம்பம், தகரக் கூரை பக்கத்தில் வைச்சா தப்பாக் காட்டும், நாலடி தள்ளி நின்னு பாருங்க.

பெட்டியின் இன்ஸ்டலேஷன் மெனுவில் டிஷ் டிவி டிரான்ஸ்பாண்டர் (சாட்டிலைட் அனுப்புற அலைவரிசை) ஒண்ணை வைச்சுட்டு, போல்ட்டை பாதி தளர்த்தி விரல் அகலத்துக்கும் குறைவா நகர்த்துங்க. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அஞ்சாறு விநாடி விடணும், மீட்டர் மெதுவாத்தான் ஏறும். வழியில 91.5ல மீசாட், 93.5ல ஜிசாட்-15 (டிடி ஃப்ரீ டிஷ்) குறுக்கிடும். 93.5க்கும் 95க்கும் ஒன்றரை டிகிரிதான் இடைவெளி, பலர் ஏமாறுற இடம் அதுதான். குவாலிட்டி வந்ததும் ஸ்கேன் போட்டுப் பாருங்க. டிஷ் டிவி பட்டியல் வரலைன்னா தப்பான சாட்டிலைட்.

ஹஸ்தம்பட்டி ராமு:
செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொன்னதில் ஒண்ணு விட்டுப்போச்சு: எல்என்பியைத் திருகுறது. ரெண்டும் நேர்கோட்டு போலரைசேஷன், அதாவது அலை செங்குத்தாவோ கிடையாவோ அதிர்ற வகை. 88க்கு சாய்வு சுமார் 40 டிகிரி, 95க்கு 55. அதே சாய்வில் விட்டா குவாலிட்டி குறையும், மழையில் சேனல் சீக்கிரம் போகும். ஆண்டெனா பூட்டின பிறகு எல்என்பியை அதே கிளாம்ப்பில் 15 டிகிரி சுத்தி, குவாலிட்டி உச்சத்தில் நிறுத்துங்க.

ஏற்காட்டில் மூடுபனி பெருசா கெடுக்காது. கனமழையும் நனைஞ்ச இலையும்தான் கெடுக்கும். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் ஆண்டெனா மட்டத்துக்கு மேல 45 அடி உயரம்னா, 20 அடிக்குள்ள நின்னா 66 டிகிரி பாதையை மறைக்கும். தென்கிழக்கில் அப்படி மரம் இருந்தா ஆண்டெனாவை மாடியின் மறு ஓரத்துக்கு மாத்துங்க.

ஏற்காடு காட்டேஜ்:
நன்றிங்க. ரெண்டு ரூமுக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டா போதுமா? அப்புறம், டி2எச் பெட்டி ஒண்ணு வாங்கினா இதே ஆண்டெனாவில் ரெண்டையும் பார்க்க முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
ஸ்ப்ளிட்டர் வேண்டாம். பெட்டி 13 வோல்ட் அனுப்பினா எல்என்பி செங்குத்து, 18ன்னா கிடை. ஒரு ரூம்காரர் சேனல் மாத்தினதும் அடுத்த ரூமில் படம் போயிடும். ரெட்டை அவுட்புட் எல்என்பி வாங்கி, ரூமுக்கு ஒரு ஆர்ஜி-6 கேபிள் இழுங்க.

ரெண்டு சாட்டிலைட் வேணும்னா எல்என்பி ரெண்டு, கேபிள் தனித்தனி. ஆண்டெனாவை 88லேயே விட்டு, பக்க பிராக்கெட்டில் சுமார் 5 செ.மீ. தள்ளி இன்னொண்ணு. ஆண்டெனாவுக்குப் பின்னால் நின்னு பார்த்தா அது வலப்பக்கம், சாய்வா மேல வரணும், ஏன்னா பிரதிபலிப்பில் இடவலம், மேல்கீழ் ரெண்டும் மாறும். 60 செ.மீ.யில் ஓரத்து எல்என்பிக்கு மழை தாங்காது, 90 செ.மீ. வாங்குறதே மேல்.

பெட்டிகளை மட்டும் மாத்திப் போட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க. டிஷ் டிவியின் பழைய பெட்டிகளில் சேனலைப் பூட்டித் திறக்கிற முறை கோனாக்ஸ், டி2எச்சில் இர்டெட்டோ. ஒண்ணோட கார்டு மத்ததில் திறக்காது. பழைய பெட்டிக்கு எம்பெக்-2 (படத்தைச் சுருக்கி அனுப்புற பழைய முறை) மட்டும்தான் தெரியும்னா எம்பெக்-4 சேனலில் படமே வராது. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி சேலத்திலேயே ரீசார்ஜ் பண்ணி, அரைமணி நேரம் ஆன்லேயே விட்டுப் பாருங்க.

ஹஸ்தம்பட்டி ராமு:
 

இன்னொண்ணு, கனெக்டர் போடும்போது பெட்டியை ஆஃப் பண்ணிடுங்க. பின்னல் கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டா எல்என்பிக்குப் போற வோல்ட் ஷார்ட். ஏற்காட்டு ஈரத்துக்கு கனெக்டர் மேல ரப்பர் டேப் சுத்தி, எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாத் தொங்கவிடுங்க, தண்ணி அதில் சொட்டிடும்.