ஓசூர் பாதுகாப்பான ஊர்தானா, எந்தக் கணக்கைப் பார்ப்பது?

பாலக்கோட்டுக்காரன்:
தங்கைக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது, நைட் ஷிப்டும் வரும். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த நகரங்களின் குற்றப் பட்டியலைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார், அதில் சென்னையும் பெங்களூரும் இருக்கிறதே தவிர ஓசூர் பெயரே இல்லை. ஓசூருக்கு என்று தனிக் கணக்கு உண்டா? இருந்தாலும் நம்பலாமா?

காவேரிப்பட்டணம்:
தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியல் என்றால் 20 லட்சம் மக்களுக்கு மேல் உள்ள 19 நகரங்கள்தான் அதில் வரும், தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மட்டும். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகியும் அங்கே இடமில்லை, கிருஷ்ணகிரி மாவட்டக் கணக்கில் தளி, ஊத்தங்கரையோடு கலந்துவிடும். அப்புறம், லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்கிறார்களே, 2022 அறிக்கையில்கூட நகரங்களுக்கு 2011 மக்கள்தொகையால்தான் வகுத்திருக்கிறார்கள். அதன்பின் வேகமாகப் பெருத்த ஊருக்கு விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொலை மட்டும்தான் எண்ணிக்கையில் ஏறும்.

அதியமான்கோட்டை:
அதைவிடப் பெரிய சிக்கல், அந்த எண்கள் பதிவான வழக்குகளை மட்டுமே சொல்கின்றன. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காக வழக்குப் போடும் ஸ்டேஷன்தான் கணக்கில் மோசமாகத் தெரியும். கொலையை மறைப்பது கடினம் என்பதால் ஊருக்கு ஊர் ஒப்பிட அதைத்தான் எடுப்பார்கள். சிறிய ஊரில் அதுவும் உதவாது, 4 கொலை அடுத்த வருடம் 6 ஆனால் 50 சதவீதம் உயர்வு என்று தலைப்புப் போட்டுவிடலாம். நம் தர்மபுரியில் பெண்சிசுக் கொலைகள் எத்தனை போலீஸ் ஏட்டில் ஏறின? ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிறப்பு இறப்புப் பதிவுகளைப் பார்த்தால்தான் அந்தக் கொடுமை தெரிந்தது. சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் இங்கேயும் கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் போலீஸ் எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது, எனக்கு அதில் இன்றும் ஆறாத கோபம்.

பேடரப்பள்ளி_அக்கா:
தம்பி, நான் சிப்காட்டில் ஷிப்டு போகிறவள். அப்பாவிடம் பட்டியலை விட்டுவிட்டு இதைக் கேட்கச் சொல்லுங்கள்: கம்பெனி பஸ் ரூம் வாசல் வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா? இறக்கிவிட்டால் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தெருவிளக்கு எரிகிறதா, அந்த நேரத்துக்கு ஒரு டீக்கடையாவது திறந்திருக்குமா? எங்கள் ஏரியாவில் பெண்களைச் சீண்டுகிறவர்கள் பற்றிப் பத்துப் பேர் பேசினால் ஒருத்திதான் புகார் கொடுப்பாள், வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்கள் என்ற பயம். அந்த ஒன்பது பேர் எந்த அறிக்கையிலும் வர மாட்டார்கள். ரூம் பார்க்க வரும்போது பகலில் வராதீர்கள், இரண்டாவது ஷிப்டு விடுகிற நேரத்துக்கு வாருங்கள், அங்கேயே தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் தங்கையைத் தனியாகப் பேசவிடுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவி எண் 181 இரண்டையும் அவள் போனில் இப்போதே பதிந்து கொடுங்கள்.