முழு அறிக்கையும் தமிழில் வேண்டுமா, பத்துப் பக்கம் போதுமா?

நடுநிலை:
தொழிற்பூங்கா ஒன்றுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். பேசியவர்களில் பாதிப் பேர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தமிழில்தான் சுருக்கம் கொடுக்கிறார்களே, வெறும் பத்துப் பக்கம். அதையும் படிக்காமல் மைக்கைப் பிடித்தால் எப்படி?

ஏரிக்கரையான்:
படித்ததும் வயிறு எரிந்தது. அந்தச் சுருக்கத்தில் என்ன இருக்கும் தெரியுமா? திட்ட விவரம், இப்போதைய சூழல், வரப்போகும் பாதிப்பு, கண்காணிப்பு, கூடுதல் ஆய்வுகள், திட்டத்தின் நன்மைகள், மேலாண்மைத் திட்டம் என்று ஏழு தலைப்பு. பத்துப் பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு தலைப்புக்கு ஒன்றரைப் பக்கம்கூடத் தேறாது.

எங்கள் ஊருக்கு வந்த சுருக்கத்தில் ஏரியைப் பற்றி ஒரே ஒரு வரி. பக்கத்தில் பருவகால நீர்நிலை உள்ளதாம், அவ்வளவுதான். வரத்துக் கால்வாய் எந்த சர்வே எண் வழியாக வருகிறது, பூங்காவுக்கு மண்ணடித்து மேடாக்கினால் அந்தத் தண்ணீர் யார் வயலில் தேங்கும் என்பதெல்லாம் ஆங்கில அறிக்கையின் பின்னிணைப்பில் கிடந்தது. அளவெடுத்ததும் மழை இல்லாத மாதங்களில்.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், இந்தக் கூட்டங்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நான்காம் இணைப்பை எடுத்துப் பாருங்கள். வரைவு அறிக்கையை, சுருக்கம் உட்பட, ஆங்கிலத்திலும் மாநில ஆட்சிமொழியிலும் தர வேண்டும் என்று இருக்கிறது. முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும்.

பழைய பொறியாளர்:
வாக்கியத்தை வளைக்காதீர்கள் தம்பி. ‘ஆங்கிலத்திலும் ஆட்சிமொழியிலும்’ என்ற சொற்கள் சுருக்கத்தை ஒட்டி வருகின்றன. சுருக்கம்தான் இரண்டு மொழியில். முழு அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தத் துறையிலேயே தலை நரைத்தவன் நான்.

ஏரிக்கரையான்:
நரைத்த தலைக்கு வணக்கம் சார். ஆனால் நீங்கள் சொல்வது வழக்கம், சட்டம் இல்லை. வரைவு அறிக்கை ‘சுருக்கம் உட்பட’ என்றால் இரண்டும் சேர்ந்துதான். முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும்.

தென்றல்:
2020-இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு அறிவிக்கை வந்தபோது ஆங்கிலமும் இந்தியும் போதும் என்றுதான் மத்திய அரசு இருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொன்னது, கருத்துச் சொல்ல ஆகஸ்ட் 11 வரை நேரமும் கொடுத்தது. மொழி தெரியாமல் கருத்து எப்படிச் சொல்வது என்பதுதானே அங்கேயும் கேள்வி?

பழைய பொறியாளர்:
அம்மா, அது நாடு முழுவதற்குமான விதியின் வரைவு. இது ஒரு திட்டத்தின் அறிக்கை. நூற்றுக்கணக்கான பக்கம், மண் பரிசோதனை அட்டவணை, காற்றின் திசைப் படம். இதைத் தமிழில் கொடுத்தால் மட்டும் யார் படிப்பார்கள்?

ஏரிக்கரையான்:
நான் படிப்பேன்! என் நிலத்தின் மண் பரிசோதனையை நான் படிக்காமல் யார் படிப்பது? எங்கள் ஊரில் மதகு, கலங்கல், மேய்க்கால் புறம்போக்கு எல்லாம் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுகிற கிழவிகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தமிழ் அறிக்கையைக் கொடுத்து, யாராவது ஒரு பிள்ளை வாசித்துக் காட்டட்டும். எத்தனை பிழை இருக்கிறது என்று அரை நாளில் சொல்லிவிடுவார்கள். ‘யார் படிப்பார்கள்’ என்ற இந்தப் பேச்சைத்தான் சார் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாடிவீடு:
உங்களுக்காவது கூட்டம் நடக்கிறது. கட்டுமானத் திட்டம், டவுன்ஷிப் எல்லாம் 2006 அறிவிக்கையின் திட்டப் பட்டியலில் எட்டாவது இனம். அதற்குக் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு. சதுப்பை ஒட்டி ஆயிரம் வீடு வந்தாலும் எங்களை யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் அதைப் பேசுங்கள்.

ஏரிக்கரையான்:
அது பெரிய அநியாயம்தான். ஆனால் இங்கே பேச்சு மொழியைப் பற்றி.

மாடிவீடு:
உங்கள் ஏரி என்றால் பேச்சு, எங்கள் சதுப்பு என்றால் ‘அது வேறு’. போன வருடம் குவாரி விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

ஏரிக்கரையான்:
குவாரி விவாதத்தில் உங்கள் பக்கம் நின்று பேசிய ஒரே ஆள் நான். மறந்துவிட்டீர்கள், சரி.

நடுநிலை:
ஆரம்பித்தவன் நான், என்னை விட்டுவிட்டீர்களே. குறைந்தது 30 நாள் அவகாசம் தருகிறார்கள். ஒரு தேசிய நாளிதழ், ஒரு வட்டார நாளிதழ் என்று விளம்பரமும் வருகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் அறிக்கை இருக்கிறது. போய்க் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியது நம் வேலை.

தென்றல்:
நாளிதழ் போய்ச் சேராத இடத்தில் பறையடித்தும், வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் சொல்ல வேண்டும் என்றும் அதே இணைப்பில் இருக்கிறது. எத்தனை இடத்தில் நடக்கிறது?

பழைய பொறியாளர்:
தண்டோராவே வேண்டாம் என்று தமிழ்நாட்டில் 2022-லேயே நிறுத்தச் சொல்லியாயிற்று. தெரிந்து பேசுங்கள்.

தென்றல்:
தெரியும் சார். ஒரு மனிதனின் கழுத்தில் பறையை மாட்டி நடக்கவிடுவது நின்றது நல்லதுதான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லையே? நீங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுகிறீர்கள்.

பழைய பொறியாளர்:
வார்த்தையைப் பிடித்தது உங்கள் ஏரிக்கரையார். நான் வாக்கியத்தை இருக்கிறபடி வாசித்தேன். சுருக்கம் மட்டும்தான். அப்புறம், கூட்டம் வாக்கெடுப்பும் இல்லை. ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் அந்த மேடையில் யாரும் திட்டத்தை நிராகரிக்க முடியாது. பதிவு செய்து அனுப்புவார்கள், மேலே முடிவெடுப்பார்கள்.

ஏரிக்கரையான்:
வாக்கெடுப்பு இல்லை என்பதால்தான் சார் மொழி இத்தனை முக்கியம். கையைத் தூக்கி எண்ணிக்கை காட்ட முடியாது. எந்தப் பக்கத்தில் எந்த வரி தப்பு என்று சொன்னால்தான் அது பதிவாகும், அதற்குத் திட்டக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். வரியைச் சுட்டிக்காட்ட வரி நமக்குப் புரிய வேண்டாமா? ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கத்துகிறவர்களைப் பார்த்து நடுநிலை கோபப்படுகிறார். படிக்க முடியாத அறிக்கைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வேறு என்ன சொல் மிச்சம் இருக்கிறது?

நடுநிலை:
நான் கத்தியவர்களைச் சொல்லவில்லை. படிக்காதவர்களைச் சொன்னேன். பத்துப் பக்கம்.

ஏரிக்கரையான்:
மறுபடியும் பத்துப் பக்கம்! அந்தப் பத்துப் பக்கத்தில் ஏரி இல்லை ஐயா.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து இதைத்தான் கேட்கப் போகிறேன். மக்கள் எழுப்பிய கேள்விகளையும் திட்டக்காரர் சொன்ன பதில்களையும் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. என் கேள்வியை வாசிக்கும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன்.

பழைய பொறியாளர்:
தாராளமாகக் கேளுங்கள். ‘சுருக்கம் தமிழில் இருக்கிறது’ என்று பதில் சொல்வார்கள். அதையும் சேர்த்து வாசிப்பார்கள்.