இந்த ஜனவரியும் கொப்பிப் பொதி கொடுக்கத்தான் வேண்டுமா?

மலைக்குருவி:

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்கிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். டிசம்பர் வந்தால் காசு சேர்த்து, ஜனவரியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பிப் பொதி கொடுக்கிறோம். ஒன்பது வருஷமாகிறது. இந்த முறை நிறுத்திவிடலாம் என்று குழுவில் சொன்னேன், பெரிய சண்டையாகிவிட்டது. அதனால் இங்கேயும் கேட்கிறேன்.

2025 ஜனவரியில் கோயில் மண்டபத்தில் வரிசை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பொதியை வாங்கினாள். எங்கள் ஆள் போனைத் தூக்கியதும் பொதியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். படத்தில் கொப்பி அட்டையும் இரண்டு கையும்தான் இருக்கின்றன.

பிறகு தாயோடு பேசினேன். அஸ்வெசும என்ற அரசாங்க வறுமை உதவிப் பணம் எடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சாமான் வாங்க அரசாங்கம் 6,000 ரூபா கொடுத்த நேரம் அது. இவர்களுக்கு அஸ்வெசுமவே இல்லை. கணவன் இல்லை, மூன்று பிள்ளைகள், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். விண்ணப்பம் போட்டிருக்கிறார். பதில் கடிதம் தோட்டத்து ஆபிசில் கிடந்து, மேன்முறையீட்டுத் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்திருக்கிறது. லயத்துக்கென்று, அந்த வரிசை வீடுகளுக்கென்று, தனி விலாசம் இல்லையே, எல்லாருடைய தபாலும் அங்கேதான் போய் விழும்.

எங்கள் பொதி 1,800 ரூபா. வறிய குடும்பம் என்று பெயர் விழுந்திருந்தால் அவருக்கு மாதம் 10,000 ரூபா வந்திருக்கும். நாங்கள் வருஷத்துக்கு ஒரு தரம் கொடுத்தது அவருக்கு ஆறு நாள் காசுகூட இல்லை.

இந்த முறை அந்தப் பணத்தை பஸ் கூலிக்கும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்துக்கும், பிறப்புச் சான்றிதழ் எடுக்கவும் வைத்துக்கொண்டு, ஆட்களைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போவோம் என்கிறேன். உரிமையாக வர வேண்டியது வரட்டும்.

ஊவாக்காரன்:

தங்கச்சி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது நான் பக்கத்தில் கொஸ்லந்தையில் நின்றேன். அன்று இரவு பாடசாலை மண்டபத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்த சனத்துக்குச் சோறு கொண்டு வந்தது யார்? பக்கத்து ஊர்க் கோயில்காரர், பள்ளிவாசல்காரர், விகாரையிலிருந்து வந்த இளைஞர். ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார்கள். அரசாங்கம் கட்டிய வீடு கைக்கு வர 2016 ஆகிவிட்டது. அதுவரை பல குடும்பங்கள் பூனாகலைப் பக்கம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். டிட்வா புயல் அடித்தபோதும் முதல் சோறு பக்கத்து ஆட்களிடமிருந்துதான் வந்தது.

பள்ளிக்கூடம் ஜனவரியில் தொடங்கும். உங்கள் படிவம் எப்போது பாஸாகும்? அதுவரை அந்தப் பிள்ளை எதில் எழுதும்?

படிவமும்_நானும்:

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். இடத்தைச் சொல்ல மாட்டேன்.

முதலில் மலைக்குருவி அக்காவுக்கு. மேன்முறையீட்டுக்கு அறிவித்த காலம் முடிந்தால் நாங்கள் நினைத்தாலும் வாங்க முடியாது. ஆகவே எந்த நாளும் கூட்டிவந்து பயனில்லை, அறிவித்தல் வந்த வாரமே வர வேண்டும். இன்னொன்று, அஸ்வெசுமவுக்கு 22 அளவுகோல் இருக்கிறது, மின்சாரப் பாவனையும் அதில் சேர்த்தி. ஒரே மீட்டரில் நாலு காம்பரா ஓடுகிற லயத்தில் அந்த பில் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் வசதிக்காரராகத் தெரிவார். இப்படி வெட்டுப்பட்ட பெயர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கெடுக்க வந்தவரிடம் இதை அப்போதே சொல்ல ஆள் வேண்டும்.

அப்புறம் ஊவாக்கார அண்ணனுக்கு. எங்கள் பிரிவில் மெயின் ரோட்டோரத் தோட்டத்துக்குப் போன ஜனவரியில் மூன்று குழுக்கள் கொப்பி கொடுத்தன. அதே தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு வேன் ஏறாது, அங்கே ஒருவரும் போகவில்லை. மேல் டிவிஷன் தாய் யாரிடம் போய் முறையிடுவார்? எங்கள் பட்டியலில் பிழை இருந்தால் என் மேசைக்கு வந்து சத்தம் போடலாம், போடுகிறார்கள். கொடையாளியிடம் அப்படிக் கேட்க முடியுமா?

ஊவாக்காரன்:

பட்டியல் என்று சொன்னீர்கள் தம்பி. எங்கள் தாத்தா பாட்டியை 1948இல் பட்டியலிலிருந்து வெட்டிய நாடு இது. பிரஜாவுரிமைக் கதை 2003 சட்டம் வரை இழுபட்டது. பிரஜையான பிறகாவது சரியானதா? பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுக்குச் செலவழிக்க 2018 வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாக்கை வாங்கினார்கள், குழியை மூடச் சட்டம் இல்லை என்றார்கள்.

கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது, தோட்டத்துப் பள்ளிக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு எழுத்துக் காட்டியது யார்? ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி 1892இல் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கியது. அரசாங்கம் வரும் என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு இங்கே தமிழில் எழுதி விவாதிக்க நம்மில் எத்தனை பேர் இருந்திருப்போம்?

மலைக்குருவி:

அண்ணே, மிஷன் பள்ளிக்கூடத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாங்கில் எத்தனை லயத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது? என் அம்மா மூன்றாம் வகுப்பு. நான் பட்டதாரி. நடுவில் நடந்தது என்ன? எழுபதுகளில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. பிறகு எங்கள் பிள்ளைகளையே ஆசிரியர்களாக நியமித்தது. எனக்கு எழுத்துக் காட்டிய டீச்சர் பக்கத்து லயம். புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுத்தது. அதை வாங்கும்போது ஒருவருக்கும் நன்றி சொன்னதாக ஞாபகமில்லை. வகுப்பில் எல்லாருக்கும் கிடைத்தது, நானும் வாங்கினேன்.

திரிபோஷா சத்துமாவைப் பாருங்கள். 1973இல் கெயார் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு தொடங்கியது. இன்றைக்கு அது அரசாங்கத்தின் வேலை, கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்குப் போனால் பக்கெட் கைக்கு வரும். தட்டுப்பாடு வந்தால் நாடே கேட்கிறது. எங்கள் ஒன்பது வருஷப் பொதி அப்படி எதையாவது விட்டுப்போனதா? அதே வரிசை, அதே மண்டபம்.

மீரியபெத்தையைச் சொன்னீர்கள். அந்த மலை ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். சனம் போகவில்லை, போக நிலம் இல்லை. எந்தக் கொடையாளியால் நிலம் கொடுக்க முடியும்? இந்தியா கட்டித் தருகிற வீட்டுக்குக்கூடக் காணியை அரசாங்கம்தானே விடுவிக்க வேண்டியிருக்கிறது?

பிள்ளைக்காம்பரா:

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கிறவள். மகள் டைப் பண்ணுகிறாள்.

நீங்கள் எல்லாரும் அரசாங்கம், தர்மம் என்று பேசுகிறீர்கள். தோட்டத்தை நடத்துகிற துரையை மறந்துவிட்டீர்கள். லயத்துக் கூரை, டிஸ்பென்சரி, தண்ணிப் பைப், இந்தப் பிள்ளைக்காம்பரா, எல்லாம் தோட்டம் பார்க்க வேண்டியது என்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்தார்கள். 1992இல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு ஆபிசில் கேட்டால் அரசாங்கத்திடம் கேள் என்கிறார்கள். கிராம சேவகரிடம் போனால் அது தோட்டத்துக் காணி என்கிறார். என் காம்பராவில் ஒரு தகரம் போன ஆடி மாசம் பறந்தது. கல் வைத்திருக்கிறேன், இன்றைக்கும் கல்தான்.

நாள் சம்பளம் 1,350 இருந்தது, இப்போது 1,750 என்கிறார்கள். அதிலும் 200 அரசாங்கம் கொடுக்கிறது, முழு நாள் வேலை என்று பேர் விழுந்தால்தான் கையில் வரும். எங்கள் உழைப்புக்கு ஏன் அரசாங்கம் சேர்த்துப் போட வேண்டும்? கூலி கூலியாக வந்தால் என் பிள்ளைக்குக் கொப்பியை நானே கடையில் வாங்குவேன், அவளுக்குப் பிடித்த அட்டை பார்த்து வாங்குவேன்.

படம் எடுக்கிறதை நிறுத்துங்கள். அதை மட்டும் எல்லாரும் செய்யலாம்.

படிவமும்_நானும்:

அக்கா சொன்னது சரி. 2019 கணக்கெடுப்பில் நாட்டில் வறுமை 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். வேலையில் இருக்கிற சனம் இது. இதைக் கொப்பியாலும் சமாளிக்க முடியாது, எங்கள் படிவத்தாலும் முடியாது.

ஆனால் சம்பளம் தீரும் வரை அஸ்வெசுமவை விட்டுவிட முடியாது. ஒரு யோசனை: தோட்டத்து ஆபிசுக்கு வரும் கடிதங்களைக் கிழமைக்கு ஒரு தரம் எடுத்து லயத்துக்குக் கொண்டுபோக ஒருவரை வைத்தால், எங்கள் பிரிவில் பாதிப் பிரச்சினை தீரும்.

ஊவாக்காரன்:

படம் எடுக்க மாட்டோம். அதை எங்கள் குழுவிலும் சொல்லிவிட்டேன், அக்காவுக்கு நன்றி.

கொப்பியை நிறுத்த மாட்டோம். இந்த முறை ரோட்டோரத்தில் கொடுக்காமல் மேல் டிவிஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். தங்கச்சி, உங்கள் படிவ வேலைக்குச் சிங்களம் எழுதத் தெரிந்த இரண்டு பேர் எங்களிடம் இருக்கிறார்கள். பாதிக் கடிதம் சிங்களத்தில்தான் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அறிவித்தல் வந்ததும் சொல்லுங்கள், பதுளையிலிருந்து உடனே அனுப்புகிறேன். அதற்காக எங்களையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மலைக்குருவி:

அனுப்புங்கள் அண்ணே. ஆனால் எங்கள் குழுவில் நான் இன்னும் நிறுத்தத்தான் சொல்லப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கடிதம் எடுக்க ஆள் வைக்க மாதம் எவ்வளவு ஆகும் தம்பி? தோராயமாகச் சொன்னாலும் போதும், கணக்கோடு போனால்தான் கேட்பார்கள்.