பாத்ரூம் உப்புக்கறை: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேத்து போடலாமா?

போர்தண்ணி_வீடு:
வேளச்சேரி பக்கம் வாடகைக்கு வந்திருக்கோம், முழுக்க போர் தண்ணிதான். டைல்ஸ், குழாய், பக்கெட் எல்லாம் வெள்ளையா உப்பு படிஞ்சு கிடக்கு, மூலைல கறுப்பாவும் இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து ஊத்தி தேய்ச்சா பளிச்னு ஆயிடும்ங்கறாங்க. செய்யலாமா? வீட்ல சின்ன குழந்தை இருக்கு.

மாடிவீட்டு_அம்மா:
ஐயோ வேணாம்மா! ரெண்டையும் சேத்தா குளோரின் வாயு வரும், அது காத்தை விட கனம், கீழயே தங்கும், உக்காந்து தேய்க்கிறவங்க மூக்குக்குத்தான் நேரா ஏறும். டாய்லெட் கிளீனர்லயும் நிறைய பிராண்ட்ல இதே ஆசிட்தான், ஹார்பிக்லயும் இருக்கு, அதனால அதோடயும் பிளீச்சிங் போடாதீங்க. தெரியாம யாராவது கலந்துட்டா அங்கயே நின்னு கழுவ வேணாம், உடனே வெளிய வந்துடணும், மூச்சு திணறினா 108.

பழைய_ஹார்டுவேர்கடை:
ரெண்டுக்கும் வேலையே வேற தம்பி. வெள்ளைக் கறை தண்ணில இருக்கற சுண்ணாம்புச் சத்து, அது ஆசிட்டுக்குத்தான் கரையும், பிளீச்சிங்ல அசையாது. கறுப்பு பூஞ்சை, அதுக்குத்தான் பிளீச்சிங். ஆனா கடை ஆசிட் வேணாம், டைல்ஸ் இடுக்குல இருக்கற சிமெண்ட்டை அரிச்சுடும், குழாய் பாலிஷும் போயிடும். சிட்ரிக் ஆசிட் பொடி வாங்கி ஒரு லிட்டர் வெந்நீர்ல ரெண்டு மூணு ஸ்பூன் கரைச்சு, துணில நனைச்சு குழாயைச் சுத்தி கட்டி அரைமணி நேரம் விடுங்க, ஊறின உப்பு நார் வச்சு தேய்ச்சாலே உதிரும். தரை மார்பிள்னா இதுவும் ஆகாது, பளபளப்பு போயிடும். நல்லா தண்ணி ஊத்தி அலசிட்டு, கறுப்புக்கு வேற ஒரு நாள் பாருங்க: முதல்ல சோப்பு போட்டு அழுக்கை எடுங்க, அழுக்கு மேலயே போட்டா பிளீச்சிங்கோட வேகம் அதுலயே தீந்துடும், அப்புறம் பிளீச்சிங் கரைசலை தடவி பத்து நிமிஷம் விட்டு கழுவுங்க. கைக்கு கிளவுஸ், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மாடிவீட்டு_அம்மா:
இன்னொண்ணு, கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல ஆசிட், பினாயில் எல்லாம் ஊத்தி வைக்கவே வைக்காதீங்க, குழந்தை எடுத்துக் குடிச்சிடும். பூட்டுற அலமாரில மேல் தட்டுல வைங்க.

போர்தண்ணி_வீடு:
ரொம்ப நன்றிங்க. அக்காகிட்டயும் இப்பவே போய் சொல்லிடறேன், அவங்க வீட்லயும் குழந்தைங்க இருக்கு. கறை திரும்ப வராம இருக்க என்ன பண்றது?

பழைய_ஹார்டுவேர்கடை:
போர் தண்ணில வராம இருக்காது தம்பி. குளிச்சு முடிச்சதும் சுவத்தையும் தரையையும் வைப்பர் போட்டு இழுத்து விடுங்க, குழாயை காஞ்ச துணில துடைங்க. தண்ணி நின்னு காயற எடத்துலதான் உப்பு பிடிக்கும்.