மரமே இல்லாத இடத்தில் ஆண்டு வளையத்தை எங்கே தேடுவது?

பாசி:
மர வளையத்தை வைத்துப் பழைய மழையையும் வெயிலையும் கணக்கிடுகிறார்கள், சரி. ஆனால் வெப்பம் வேகமாக ஏறுகிற ஆர்க்டிக் துந்திராவில் முழங்கால் உயரப் புதரும் பூண்டும்தானே இருக்கின்றன? அவற்றிலும் வளையம் விழுமா, எண்ணும் அளவுக்குத் தெரியுமா?

நுண்சீவல்:
விழும். குள்ள வில்லோ, குள்ள பிர்ச் இரண்டிலும் உண்டு, பல ஆண்டு வாழும் இருவித்திலைப் பூண்டுகள் பலவற்றிலும் உண்டு. புல்லில் தேடாதீர்கள், ஆண்டுதோறும் வளையம் போடுகிற கேம்பியம் என்ற செல் அடுக்கே ஒருவித்திலையில் கிடையாது. வெட்ட வேண்டியது தண்டும் வேரும் சேருகிற கழுத்தை, செடியின் முதல் ஆண்டு அங்கேதான் பதிந்திருக்கும், மேலே போகப் போக வளையங்கள் குறையும். ஆனால் மணல்தாளில் தேய்த்து லென்ஸில் பார்க்கிற வேலை இங்கே நடக்காது. பல வளையங்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மெல்லிய சீவல் வெட்டும் கருவியான மைக்ரோடோமில் 15-20 மைக்ரோமீட்டர் சீவல் எடுத்து சாஃப்ரனின், ஆஸ்ட்ரா புளூ சாயம் ஏற்றினால், கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் ஏறிய செல்சுவர் சிவப்பாகவும் ஏறாதது நீலமாகவும் தெரியும். கோடை குளிர்ந்துபோன ஆண்டில் வளையத்தின் கடைசிச் செல்கள் லிக்னின் ஏறி முடியாமல் நீலமாகவே நின்றுவிடுவதுண்டு. அகலத்தை மட்டும் அளக்கிறவர் கண்ணில் இது படவே படாது, எனக்கு அகலத்தைவிட இதுதான் முக்கியம்.

பாசி:
மோசமான ஆண்டில் வளையமே விழாமல் போனால்? கணக்கு மொத்தமும் நழுவிவிடுமே.

நுண்சீவல்:
போகும், அடிக்கடி போகும். சில சமயம் ஒரு பக்கம் மட்டும் இருந்து மறுபக்கம் காணாது. அதனால் ஒரே செடியை வேரிலிருந்து நுனிவரை பல இடங்களில் வெட்டி ஒப்பிட வேண்டும், அப்புறம் பக்கத்துச் செடிகளோடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர வளைய ஆய்வின் முன்னோடி ஏ. இ. டக்ளஸ் மரங்களில் செய்த அதே ஒப்பீடுதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

வேர்முடிச்சு:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வளையம் குறுகியதுமே குளிர் என்று எழுதிவிடாதீர்கள். கலைமான் மேய்ந்திருக்கலாம், கம்பளிப்புழு இலையை மொட்டையடித்திருக்கலாம், பனி தாமதமாக உருகியிருக்கலாம். வேரையும் விடாதீர்கள். மண் அரித்து வேர் வெளியே தெரிந்த பிறகு ஊசியிலை மரங்களின் வேரில் டிரக்கீடுகள் எனும் நீர் கடத்தும் செல்களின் உள்வெளி சட்டென்று சுருங்கும், வளையத்தின் கடைசியில் உருவாகும் பின்பருவக் கட்டையும் தடிக்கும். அந்த மாற்றம் எந்த வளையத்தில் என்று எண்ணினால் அரிப்பு நடந்த ஆண்டே கிடைத்துவிடும், மழைமானி எதுவும் சொல்லாத சேதி அது.

பாசி:
அப்படியானால் கழுத்தோடு வேரையும் சேர்த்தே தோண்டி எடுக்கிறேன்.