மறு: பிரசவ வார்டுக்கு சோலார் ஹீட்டர், 200 லிட்டரா 400 லிட்டரா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம ஊர் பிரசவ வார்டுக்கு வெயிலில் வெந்நீர் போடும் சோலார் ஹீட்டர் வாங்க, பொருளாளர் மாமா அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். 200 லிட்டர் 50,000 ரூபாய், 400 லிட்டர் 95,000. மழையிலும் வெந்நீர் நிற்காது என்று கம்பெனிக்காரர் சொன்னதை நம்பிப் பலரும் பெரியதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எந்த ஹீட்டர் எவ்வளவு வெந்நீர் தரும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் நான் குப்பை கொட்டும் இந்த மேடிசன் நகரம்தான் அதற்குப் பிறந்த வீடு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிளைன், பெக்மன், டஃபி மூவரும் 1976-இல் வெளியிட்ட எஃப்-சார்ட் முறை. கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்ததை ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட்டார்கள். வெயிலை வாங்கித் தண்ணியைச் சுட வைக்கும் தகடு வாங்கும் வெயில், அது இழக்கும் சூடு, இரண்டையும் மாதத் தேவையால் வகுத்துப் போட்டால், அதில் எத்தனை பங்கு சூரியன் தரும் என்று வந்துவிடும். எக்செல் போதும்.

வார்டுக்கு நாளைக்கு 200 லிட்டர், 27 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 7.7 யூனிட் வேண்டும். வருஷத்துக்கு 2,800. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சராசரி 5 யூனிட் வெயில், மழைக்கால நவம்பரில் 3.5 என்று வைத்தேன். 200 லிட்டர் செட்டின் 4 சதுர மீட்டர் தகடு வருஷத் தேவையில் 73 சதவீதம் தருகிறது. நவம்பரில் பாதிதான். 400 லிட்டர் போட்டால் வருஷத்துக்கு 90, நவம்பரில் 78. அந்தச் செலவிலும் நவம்பர் முழுசாகக் கைக்கு வரவில்லை, பார்த்தீர்களா?

யூனிட் 8 ரூபாய் என்று போட்டேன், வார்டு பில்லைப் பார்த்து யாராவது திருத்துங்கள். சின்ன செட் வருஷத்துக்கு 16,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கிறது, மூன்றே வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். மேற்கொண்டு கொடுக்கும் 45,000-க்கு வருஷம் கிடைப்பது 3,800. அதை மீட்கப் பன்னிரண்டு வருஷம்! மழை நாளுக்கு வார்டில் ஏற்கெனவே கீசர் இருக்கிறது, அதைக் கழற்றாமல் விட்டால் போதும்.

இந்தச் சூத்திரத்துக்கு நம்ம போர் தண்ணியைத் தெரியாது. அம்மா வெந்நீர் போடும் குண்டான் அடியில் வெள்ளையாகப் படியுமே, சுத்தியலால் தட்டினால்தான் பெயரும், அதேதான் தகட்டுக் குழாய்க்குள்ளும் படியும். அப்புறம் 73 எங்கே, எல்லாம் போச்சு. அதனால் உப்புத் தண்ணி தகட்டுக்குள் போகாமல், தகட்டின் சூட்டை மட்டும் அதற்குக் கைமாற்றிவிடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடலுக்கு மறுபடி கொட்டேஷன் வாங்கச் சொல்லுங்கள் மாமா. மிச்சப் பணத்தை அதில் போடலாம்.

இன்னொன்று, 200 லிட்டர் என்பதே கம்பெனிக்காரர் சொன்னதுதான். ஊரில் இருப்பவர்கள் யாராவது நர்ஸ் அக்காவிடம் ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட், அதில் ராத்திரி எத்தனை என்று கேட்டு எழுதினால், ஞாயிறு கூட்டத்துக்குள் திருத்திய கணக்கை அனுப்புகிறேன்.